வாலிபப் பிராயத்தில் எலும்பின் வளர்ச்சி: சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

பொழுது புலருமுன் கிராமத்துப் பால் சங்கத்தின் வாசலில் வரிசையாக நிற்பவர்களைக் கவனித்தால், அவர்களுள் பலர் பன்னிரண்டு முதல் பதினேழு வயதுக்குட்பட்ட பையன்களாயிருப்பதைக் காணலாம். வீட்டில் கறந்த பாலை அவர்களே தூக்கி வருகிறார்கள், அளந்து ஊற்றுகிறார்கள், சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். திரும்பிய பின் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடுங்காப்பியோ, பெயரளவில் பால் விட்ட தேநீரோதான். தூக்கி வந்த பால் பட்டணத்துப் பிள்ளைக்குப் போய்விடுகிறது.

இதில் குற்றம் ஒருவரையும் சேர்ந்ததன்று. மாடு வாங்கிய கடனுக்குத் தவணை அந்தப் பால் பணத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது. மளிகைக் கடைக்கும், பள்ளிக்கூடச் செலவுக்கும் அப்பணமே ஆதாரம். ஆயினும், பாலைத் தூக்கி வரும் அப்பையனுடைய தேகத்தில் அந்த ஐந்தாறு வருஷங்களுக்குள் நடந்தேற வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அக்காலம் தவறினால் அது பின்னர் முழுமையாக நடவாது. அஃது இன்னதென்று அங்கத்தினர்கள் அறிந்துகொண்டால், எவ்வளவு பாலை விற்பது, எவ்வளவை வீட்டில் நிறுத்துவது என்பதைத் தாங்களே நிர்ணயம் செய்துகொள்ளலாம்.

எலும்பு வளரும் விதம்

எலும்பை உலர்ந்த கழியைப்போல் உயிரற்ற பொருள் என்று எண்ணுவது தவறு. புரதத்தாலான நார்களை நெருக்கமாகப் பின்னி, அப்பின்னலின்மேல் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த சாந்தைப் பூசி இறுக வைத்தாற்போன்றது எலும்பு. கால்சியம் என்பது பெரியோர் சுண்ணாம்புச் சத்து என்று கூறிவந்த பொருளே. நார் எலும்புக்கு வளைந்து கொடுக்கும் தன்மையையும், சாந்து கெட்டியையும் அளிக்கின்றன. பழைய பூச்சு ஓரிடத்தில் கரைவதும் புதிய பூச்சு சேர்வதும் ஆயுள் முழுவதும் நடந்துகொண்டேயிருக்கும். பிறந்த குழந்தையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கிறது. முழு வளர்ச்சி பெற்ற ஆண்மகனிடத்திலோ சுமார் 1,200 கிராம். இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருப்பது. மீதி ஒரு பங்கு இரத்தத்திலும் தசையிலும் இருந்து, இருதயம் துடிப்பதற்கும் நரம்புகள் வேலை செய்வதற்கும் உதவுகிறது. அந்த ஒரு பங்கு குறையும்படி தேகம் ஒருபோதும் விடாது. ஆகாரத்தில் கால்சியம் வராவிட்டால், எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ளும். சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து அன்றாடச் செலவை நடத்தும் குடும்பத்தின் நிலைமையே இது. இரத்தத்தைச் சோதித்தால் குறைவொன்றும் தெரியாது. குறைவு உள்ளே எலும்பில் இருக்கும்.

முப்பது கிராம் ஆயிரத்து இருநூறு கிராமாக வேண்டுமானால், அந்தச் சேர்க்கை ஆண்டுதோறும் ஒரே அளவாக நடப்பதில்லை. கானடா தேசத்து சஸ்காட்செவன் மாகாணத்தில் 1991-ம் வருஷம் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அளந்துவந்த ஆராய்ச்சியாளர்கள், 2000-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாக்கியது. ஆண்பிள்ளைகளின் எலும்பில் கால்சியம் மிக வேகமாகச் சேருவது பதினான்காம் வயதில். அப்போது நாளொன்றுக்கு 359 மில்லிகிராம் வீதம் சேருகிறது. பெண்பிள்ளைகளுக்கு அந்த உச்சம் பன்னிரண்டரை வயதிலேயே வந்துவிடுகிறது. அளவும் 284 மில்லிகிராம்தான். உச்ச காலத்தை ஒட்டிய இரண்டே வருஷங்களில், வளர்ந்த மனிதனுடைய எலும்புச் சத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. இருபது வயதை அடுத்துச் சேர்க்கை வெகுவாகக் குறைந்துவிடும். பின்னர் முதுமையில் கரையத் தொடங்கும்போது, இளமையில் எவ்வளவு சேர்ந்திருந்ததோ அதிலிருந்துதான் கரைய வேண்டும்.

இங்கே ஒரு விபரீதமும் உண்டு. எலும்பு முதலில் நீளுகிறது. சாந்து பூசும் வேலை அதற்குச் சில மாதங்கள் பின்தங்கியே நடைபெறுகிறது. ஒரே வருஷத்தில் எட்டு ஒன்பது செண்டிமீட்டர் வளர்ந்துவிடும் பையனுடைய எலும்பு, நீளத்துக்கேற்ற கெட்டி பெறாமல் சிறிது காலம் இருக்கும். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்கள் கைகளை ஊன்றி விழுந்து மணிக்கட்டின் அருகே முறித்துக்கொள்வது அதிகமாயிருப்பதற்கு, அவர்களுடைய துடுக்குத்தனம் மாத்திரம் காரணமன்று.

பெண்பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்துப் போஷிக்கும் நல்ல வழக்கம் நம் கிராமங்களில் இருந்துவருகிறது. ஆண்பிள்ளையின் பருவ மாறுதலுக்கு அத்தகைய சடங்கு ஒன்றுமில்லை. மீசை அரும்புவதையும் குரல் உடைவதையும் வீட்டார் பார்த்துச் சிரிப்பதோடு சரி. அடுத்த நாளே மூட்டை தூக்கும் வயது வந்துவிட்டதென்று தீர்மானித்துவிடுகிறார்கள். கால் வலிக்கிறதென்று அவன் சொன்னால் சோம்பல் என்று பெயர்.

ஒரு நாளைய வரவு

எவ்வளவு கால்சியம் தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய போஷாக்கு ஸ்தாபனமும் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி, பத்து முதல் பன்னிரண்டு வயதுள்ள ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 850 மில்லிகிராமும், பதின்மூன்று முதல் பதினைந்துவரை 1,000 மில்லிகிராமும், பதினாறு முதல் பதினெட்டுவரை 1,050 மில்லிகிராமும் வேண்டும். உண்டதெல்லாம் உடம்பில் ஒட்டுவதில்லையாதலால், வீணாவதற்கும் இடம் வைத்தே இவ்வளவு கூறப்பட்டிருக்கிறது.

இனி, அரிசிச் சோற்றையே பிரதானமாகக் கொண்ட ஒரு வீட்டில் பதினான்கு வயதுப் பையனுடைய வரவைக் கணக்கிடுவோம். நாள் முழுவதற்கும் அரிசி 400 கிராம். அதில் கிடைப்பது முப்பத்தைந்து மில்லிகிராம் இருந்தால் அதிகம். சாம்பாரில் துவரம்பருப்பு 40 கிராமுக்குச் சுமார் 30. கத்தரிக்காய், முள்ளங்கி போன்ற காய்கறிகளில் ஒரு முப்பது. இரு வேளைத் தேநீரில் விட்ட பால் 50 மில்லிலிட்டருக்கு 60. நீர்மோரில் ஒரு நாற்பது. ஆக இருநூறைத் தாண்டுவது அரிது. தேவையோ ஆயிரம். வயிறு நிறைந்திருக்கிறது, பையன் பசியென்று சொல்வதில்லை, ஆகையால் குறை இருப்பதாக ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

அதே வீட்டில் 100 கிராம் அரிசிக்குப் பதிலாக 100 கிராம் கேழ்வரகைக் களியாகவோ கூழாகவோ சேர்த்தால் வரவு ஒரே எட்டில் 350 மில்லிகிராமுக்கு மேல் ஏறுகிறது. தானியங்களுள் கேழ்வரகுக்கு இதில் இணையில்லை. கம்பும் சோளமும்கூட அதன் அருகில் வரமாட்டா. ஒன்றரை ஆழாக்குப் பால், அதாவது சுமார் 250 மில்லிலிட்டர், 300 மில்லிகிராம் தருகிறது. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, 50 கிராம் அளவு, 150. தோலுள்ள எள் 10 கிராமில் செய்த எள்ளுருண்டையோ எள்ளுப்பொடியோ 120. பழைய இருநூறோடு இவற்றைக் கூட்டினால் ஆயிரத்து நூறாகிறது. இவற்றுள் விலைக்கு வாங்க வேண்டியவை கேழ்வரகும் எள்ளுந்தான். முருங்கை கொல்லையில் நிற்கிறது.

கீரைகளைப்பற்றி ஒரு சொல். எல்லாக் கீரையும் ஒன்றென்று எண்ணலாகாது. பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும், அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால் உடம்பில் சேருவது மிகச் சொற்பம். எள்ளின் தோலிலும் இந்தக் குறை ஓரளவு உண்டு. பாலிலுள்ள கால்சியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டும். மரக்கறியும் புலாலும் உண்ணும் குடும்பங்களில், முள்ளோடு மென்று தின்னக்கூடிய சிறு மீன்களும் நெத்திலிக் கருவாடும் இவ்விஷயத்தில் மிகச் சிறந்தவை. ஆனால் கருவாட்டின் உப்பு அதிகமானால், அது சிறுநீர் வழியாகக் கால்சியத்தை வெளியேற்றும்; நன்றாக அலசிச் சமைக்க வேண்டும்.

நெய்யை விற்றுவிட்டு மோரை வைத்துக்கொள்ளும் வீடுகள் நஷ்டமடைந்ததாக நினைக்க வேண்டியதில்லை. கால்சியம் பாலின் கொழுப்பிலில்லை, மோரிலேயே இருக்கிறது. குன்னூர் போஷாக்கு ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த அய்க்ராய்டும் கிருஷ்ணனும், கொழுப்பு நீக்கிய பாலைச் சிறுவர்களுடைய சாதாரண உணவோடு சேர்த்துக் கொடுத்து, அவர்கள் வளர்ச்சியில் நல்ல பலன் காணப்பட்டதை 1937-ல் வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சிச்சாலையே 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டுப் பின்னர் தேசிய போஷாக்கு ஸ்தாபனமென்று பெயர் பெற்றது. அதற்கு முன்னரே, 1926-ல், இங்கிலாந்தில் காரி மான் என்னும் மருத்துவர் ஓர் அநாதைச் சிறுவர் இல்லத்தில் செய்த பரீட்சை பிரசித்தமானது. போதுமென்று கருதப்பட்ட உணவையே உண்ட சிறுவர்கள் ஒரு வருஷத்தில் 1.84 அங்குலம் வளர்ந்தார்கள். அதே உணவோடு நாளும் ஒரு பைண்ட் பால் பெற்றவர்கள் 2.63 அங்குலம் வளர்ந்தார்கள். போதும் என்று பெரியவர்கள் கருதுவது வேறு, போதுமானது வேறு என்பது அப்போதே வெளிப்பட்டது.

ஷிராஸ் நகரத்து இளைஞர்கள்

கால்சியம் மாத்திரம் இருந்தால் எலும்பு வளர்ந்துவிடாது. மிகச் சிறிய அளவில் வேண்டிய வேறு சில சத்துக்களும் உண்டு. அவற்றுள் துத்தநாகத்தின் சரித்திரம் ஆண்பிள்ளைகளைப் பற்றியதேயாதலால், அதைச் சற்று விரிவாகக் கூறலாம்.

பீகாரில் பக்ஸர் என்னும் ஊரில் 1928-ல் பிறந்து பாட்னாவில் வைத்தியம் பயின்ற ஆனந்த பிரசாத் என்பவர், அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, 1958-ல் பாரசீக தேசத்து ஷிராஸ் நகரத்தில் வேலை ஏற்றார். அங்கே அவரிடம் காட்டப்பட்ட நோயாளி ஒருவன் இருபத்தொரு வயதினன். பார்வைக்குப் பத்து வயதுப் பாலகனைப்போல் இருந்தான். உயரமில்லை, மீசையில்லை, குரல் உடையவில்லை, பருவமே வரவில்லை. எலும்பின் முதிர்ச்சியும் வயதுக்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தது. இரத்த சோகை கடுமையாயிருந்தது. அவனுடைய ஆகாரம் புளிக்க வைக்காத கோதுமை ரொட்டியே. புலால் கிடைப்பது அரிது. அதனோடு மண் தின்னும் வழக்கமும் இருந்தது. அவனைப் போன்றவர்கள் அப்பிரதேசத்தில் பலர் இருந்தார்கள். இரும்புச் சத்துக் குறைவினால் இரத்த சோகை வரும். ஆனால் அதனால் மாத்திரம் வளர்ச்சி இவ்விதம் நின்றுவிடாதே என்று பிரசாத் ஆலோசித்தார். அவர் தமது விவரத்தை 1961-ல் வெளியிட்டார். பின்னர் எகிப்து தேசத்துக் கிராமங்களில் இதே நிலையிலிருந்த இளைஞர்களைப் பரிசோதித்து, அவர்களிடத்தில் துத்தநாகம் குறைந்திருப்பதை 1963-ல் நிரூபித்தார். துத்தநாகம் கொடுக்கப்பட்ட இளைஞர்கள் முதல் வருஷத்திலேயே ஐந்து ஆறு அங்குலம் உயர்ந்தார்கள். சில மாதங்களில் பருவக் குறிகளும் தோன்றின. மனிதனுக்கு இந்த உலோகம் குறையக்கூடுமென்று அதற்குமுன் வைத்தியர்கள் ஒப்புக்கொண்டதில்லை.

ரொட்டியில் துத்தநாகம் இல்லாமலில்லை. கோதுமையிலும் பிற தானியங்களிலும் பைட்டிக் அமிலம் என்னும் பொருள் உண்டு. அது துத்தநாகம், இரும்பு, கால்சியம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சவொட்டாமல் செய்கிறது. மாவைப் புளிக்க வைத்தாலோ தானியத்தை முளைகட்டினாலோ, அப்போது உண்டாகும் ஒரு பொருள் பைட்டிக் அமிலத்தை உடைத்துவிடும். ஷிராஸ் கிராமத்து ரொட்டி புளிக்காத ரொட்டி.

நம் பாட்டிமார்கள் கேழ்வரகு மாவைக் கரைத்து இராமுழுதும் வைத்து, மறுநாள் நொய்யோடு காய்ச்சி, அதை மீண்டும் ஒரு நாள் ஆறவிட்டு மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்த கூழின் அருமை இதனால் விளங்கும். அவசரத்தில் கடை மாவை வெந்நீரில் கிளறி அப்போதே உண்பதற்கும் இதற்கும் வித்தியாசமுண்டு. முளைகட்டுவதற்குக் கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் அல்லது இரண்டு நாள் விட்டு, முளை தெரிந்ததும் நிழலில் உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்துக்கொள்ள வேண்டும். பூசணம் பிடித்தால் எறிந்துவிட வேண்டும்.

நம் தேசத்தில் இக்குறை இல்லையென்று சொல்வதற்கில்லை. இந்திய அரசாங்கம் 2016 முதல் 2018 வரை நடத்திய போஷாக்குக் கணக்கெடுப்பில், பத்து முதல் பத்தொன்பது வயதுள்ளவர்களில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேருக்குத் துத்தநாகம் குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் அது பதினேழு பேர்தான். வளர்ச்சி மிகும் வயதில் குறையும் மிகுகிறது. கம்பு, கேழ்வரகு இரண்டிலும் தீட்டிய அரிசியைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு துத்தநாகம் உண்டு. கொண்டைக்கடலை, நிலக்கடலை, எள், முட்டை, மீன், ஆட்டிறைச்சி ஆகியவையும் நல்லவை. மண் தின்னும் பிள்ளையை அடித்துப் பயனில்லை. இரத்த சோகையும் குடற்புழுவும் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

வெயிலும் நிழலும்

உண்ட கால்சியத்தைக் குடலிலிருந்து இரத்தத்துக்குள் அழைத்துச் செல்வது வைட்டமின் டி என்னும் ஜீவசத்து. இது குறைந்தால் குழந்தைகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் ரிக்கெட்ஸ் என்னும் நோய் வந்து எலும்பு வளையும். பெர்லின் நகரத்தில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பவர் 1919-ல் அந்நோயுள்ள குழந்தைகளின்மேல் ஒருவித விளக்கொளியைப் பாய்ச்சிக் குணப்படுத்தினார். வெயிலிலுள்ள அதே கதிர் தோலில் பட்டால் தேகம் தானே இந்த ஜீவசத்தைச் செய்துகொள்ளும். ஆகாரத்தில் இது முட்டையின் மஞ்சட்கரு, மத்தி போன்ற நெய்ப்பிடிப்புள்ள மீன் ஆகிய சிலவற்றில்தான் உண்டு.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத தேசத்தில் இக்குறை வருமா என்று கேட்கலாம். மேற்கண்ட கணக்கெடுப்பிலேயே பத்து முதல் பத்தொன்பது வயதினரில் நூற்றுக்கு இருபத்துநான்கு பேருக்கு இது குறைந்திருந்தது. காலையில் வாகனத்தில் ஏறிப் பள்ளி சென்று, நாளெல்லாம் கூரையின் கீழிருந்து, மாலையில் தனிப் பாடத்துக்குப் போய், இரவில் திரும்பும் பிள்ளை வெயிலைக் காண்பது எப்போது? ஏர் உழுத தகப்பனுக்கு இந்தக் குறை இல்லாதிருக்கலாம், மகனுக்கு உண்டு. இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே கூறவேண்டும். இளவெயிலே நல்லதென்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியற்காலையில் உட்காருவது வழக்கம். அவ்வெயில் இதமானதுதான், ஆனால் ஜீவசத்தை உண்டாக்கும் கதிர் அதில் மிகக் குறைவு. சூரியன் உச்சியை ஒட்டி இருக்கும் பதினொரு மணி முதல் இரண்டு மணிவரையுள்ள வெயிலில்தான் அது நிறைய உண்டு. அவ்வேளையில் கைகளும் முதுகும் திறந்திருக்க அரைமணி நேரம், வாரத்தில் சில நாட்கள் நின்றால் போதும். மயக்கம் வரும்வரை நிற்க வேண்டியதில்லை. கறுத்த மேனியுள்ளவர்களுக்குச் சற்று அதிக நேரம் வேண்டும். சட்டையைக் கழற்றிச் சடுகுடு ஆடும் பையனுக்கு இரட்டிப்பு லாபம். ஏனெனில் குதிப்பதும் ஓடுவதும் எலும்பை மேலும் கெட்டிப்படுத்துகின்றன. ஆனால் விளையாட்டு வேறு, சுமை வேறு. தன் எடைக்கு மிஞ்சிய மூட்டையை நாளும் சுமப்பது வளரும் முதுகெலும்புக்கு ஆகாது.

குடிநீரில் உள்ள தீங்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஜில்லாக்களின் அங்கத்தினர்கள் இப்பகுதியைக் கவனித்துப் படிக்கவேண்டும். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருந்தால் பல்லில் காவிக் கறை படியும். பல வருஷங்கள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். எலும்பை முடக்கும் இந்நோய் இந்தியாவில் முதன்முதல் விவரிக்கப்பட்டது, அப்போது சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த நெல்லூர் ஜில்லாவில், 1937-ம் வருஷத்தில். 1973-ல் கிருஷ்ணமாச்சாரி, கிருஷ்ணசாமி என்ற இரு ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்கள், ஆந்திர தேசத்துப் புளோரைடு பிரதேசங்களில் இளம்பிராயத்தினர், முக்கியமாக ஆண்பிள்ளைகள், முழங்கால்கள் உட்புறமாக வளைந்து ஒன்றோடொன்று இடிபட நடப்பதை லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஆகாரத்தில் கால்சியம் குறைந்தவர்களையே புளோரைடு மிகவும் தாக்குகிறது. நீர் கெட்டதாயிருந்து பாலும் கேழ்வரகும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலும் சேதம்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இல்லாதிருப்பது நலம். வேறு நீர் கிடையாவிடத்து 1.5 மில்லிகிராம்வரை அனுமதிக்கப்படுகிறது. காய்ச்சினால் தீருமென்பது பொய். காய்ச்சுவதால் நீர் வற்றிப் புளோரைடு செறிவாகுமேயன்றிப் போகாது. ஹொகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்ட பின்னும், குழாய் நீர் வராத நாட்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே குடிப்பவர் உண்டு. அந்நீரைத் துணி துவைக்கவும் மாட்டைக் கழுவவும் வைத்துக்கொண்டு, குழாய் நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒதுக்க வேண்டும். சந்தேகமுள்ள கிணற்று நீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லா பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம்.

சங்கம் செய்யக்கூடியது

பள்ளிச் சத்துணவின் உதவி பெரிது. 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு தொடங்கி, 1982-ல் விரிவடைந்து, 2010 முதல் பள்ளி நடக்கும் ஐந்து நாட்களிலும் முட்டை அளிக்கப்பட்டு வருகிறது. ஆனால் அது பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கால்சியத் தேவை 1,050 மில்லிகிராமாக உயரும் பதினாறாம் வயதில்தான் பையன் அப்பந்தியிலிருந்து எழுந்துவிடுகிறான். அந்த இரண்டு மூன்று வருஷங்களுக்கு வீடே பொறுப்பு.

இனிப் பால் விஷயம். நாளொன்றுக்கு ஆறு லிட்டர் கறக்கும் மாடுள்ள அங்கத்தினர் மாதம் 180 லிட்டர் ஊற்றுகிறார். ஒரு பையனுக்கு ஒன்றரை ஆழாக்கு வீதம் நிறுத்தினால் மாதத்துக்கு ஏழரை லிட்டர். அதாவது இருபத்துநான்கில் ஒரு பங்கு. இந்த அளவு குறைவதால் தவணை நின்றுவிடாது. மூன்று பிள்ளைகள் இருந்து மாடு இரண்டு லிட்டரே கறக்கும் வீட்டில் இந்தக் கணக்கு நடவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தகைய வீட்டுக்குக் கேழ்வரகும் முருங்கையும் மோருமே வழி. காரியதரிசிகள் காலையில் ஊற்றும் அளவு ஒரு லிட்டர் குறைந்தால் முகம் சுளிப்பது வழக்கம். வீட்டுப் பிள்ளைக்காக நிறுத்தியது என்று அங்கத்தினர் சொன்னால், அதைப் பஞ்சாயத்தார் குறையாக எண்ணலாகாது. எந்த அங்கத்தினரும் அதற்காக வெட்கப்பட வேண்டிய அவசியம் இல்லாதபடி, மகாசபையிலேயே இதைப் பேசித் தீர்மானித்துக்கொள்வது நலம்.

நம் ராஜ்யத்து நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2023-ல் தருமபுரி, நீலகிரி ஜில்லாக்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. அங்குள்ளவர்கள் அதை மாட்டுக்குப் போடாமல் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பிற ஜில்லாக்களில், அங்கத்தினர்கள் ஒன்றுசேர்ந்து அறுவடைக் காலத்தில் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் சில்லறை விலையைவிட மலிவாகும். பையன் ஒருவனுக்கு நாளும் 100 கிராம் வீதம் வருஷத்துக்கு முப்பத்தாறரை கிலோ.

உயரம் வளர்க்கும் மாவு என்றும், எலும்புக்கு டானிக் என்றும் விளம்பரம் செய்யும் டப்பாக்களுக்குச் செலவிடும் பணத்தில் எத்தனை படி கேழ்வரகு வருமென்று கணக்குப் பார்ப்பது நல்லது. வைட்டமின் டி மாத்திரையையும் ஊசியையும் வைத்தியர் சொல்லாமல் வாங்கக்கூடாது. அது மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்துக்குத் தீங்காகும்.

கால் வளைதல், முழங்கால்கள் இடித்தல், குந்தி உட்கார்ந்தவன் கையூன்றாமல் எழ முடியாமை, ஓயாத எலும்பு வலி, சிறு விழுகையிலேயே எலும்பு முறிதல், பதினான்கு வயது முடிந்தும் பருவக் குறி ஒன்றும் காணாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும், கட்டுப்போடும் இடத்துக்கன்று. இவை தோன்றுமுன்பே அறிவதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு. ஒவ்வொரு பொங்கலன்றும் பையனைச் செருப்பில்லாமல் நிலைக்கதவின் மரத்தோடு ஒட்டி நிறுத்தி, தலையின்மேல் ஒரு பலகையைச் சமமாக வைத்து, தேதியுடன் கோடு கிழிக்க வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மரத்துக்கு மாத்திரம் வர்ணம் பூசாதிருக்க வேண்டும். பருவம் வருமுன் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து செண்டிமீட்டரும், பருவத்தில் அதற்கு வெகு அதிகமாகவும் கோடுகள் விலகிச் செல்லும். இரண்டு கோடுகளுக்கு இடையே நாலு செண்டிமீட்டருக்குக் குறைவாயிருந்து, பையனுக்கு இன்னும் மீசையும் அரும்பாதிருந்தால், அடுத்த பொங்கல்வரை காத்திராமல் அந்த வாரத்திலேயே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.